உடைத்தால் விளங்குமா?

ஆங்கிலத்தில் கலவை வாக்கியம் ஒன்று எதிர்ப்பட்டால் அதை இரண்டாகவோ மூன்றாகவோ உடைத்துச் சிறு வாக்கியங்களாக ஆக்கிக்கொண்டால் பொருள் விளங்கிவிடும் என்பதும், உடைத்த துண்டுகளும் உடைபடாத முழு வாக்கியமும் சொல்லும் சங்கதி ஒன்றே என்பதும், ஆகையால் எழுதுகிறவன் முதலிலிருந்தே துண்டு துண்டாக எழுதிவிடுவது உத்தமம் என்பதும் இன்று நம் பள்ளிக்கூடங்களிலும் பத்திரிகை அலுவலகங்களிலும் அரசாங்கக் காரியாலயங்களிலும் ஏறக்குறைய மறுப்பாரின்றி வழங்கி வருகிற அபிப்பிராயங்கள். மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை. சார்பு வாக்கியம் என்பது பிரதான வாக்கியத்தின் தலைமேல் ஏற்றிவைத்த மூட்டை, இறக்கி வைத்தால் நடை இலேசாகும் என்கிற எண்ணமே அந்த வேர். அந்த எண்ணம் பிழையானது என்பது என் கட்சி. கலவை வாக்கியத்தை உடைத்தால் பெரும்பாலும் அதன் பொருளே உடைந்து போகிறது. மாணவன் இடறி விழுகிற இடமோ வேறெங்கோ இருக்கிறது.

எதிர்க்கட்சியை இலேசாக மதித்துவிடுவதற்கில்லை. 1948-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் ஸர் எர்னஸ்ட் கவர்ஸ், அரசாங்க உத்தியோகஸ்தர்கள் எழுதும் கடிதங்கள் பொதுமக்களுக்குப் புரிய வேண்டுமே என்ற கவலையினால், நிதி இலாகாவின் வேண்டுகோளுக்கு இணங்கித் தெளிந்த சொல்லாட்சியைப் பற்றிச் சிறு புத்தகம் ஒன்றை வெளியிட்டார். அதே வருஷத்தில் அமெரிக்காவில் ருடால்ஃப் ஃபிளெஷ் என்பவர், ஓர் உரைநடை எவ்வளவு சுலபமாகப் படிக்கத்தக்கது என்பதை எண்ணாலேயே சொல்லிவிடும் சூத்திரம் ஒன்றைப் பிரசுரித்தார். கவர்ஸ் எதிர்த்தது வீண் சொல்லையும் உத்தியோக தோரணையையும். அவரைப் பற்றி எனக்கு வழக்கில்லை. ஃபிளெஷின் சூத்திரமே இன்றைய அபிப்பிராயத்துக்குச் சாஸ்திரம் போன்ற ஒரு தோற்றத்தைக் கொடுத்தது. 206.835 என்ற எண்ணில் தொடங்கி, வாக்கியம் ஒன்றுக்குச் சராசரி எத்தனை சொற்கள், சொல் ஒன்றுக்குச் சராசரி எத்தனை அசைகள் என்ற இரண்டை மட்டும் கணக்கிட்டு, அவற்றுக்கு ஏற்றபடி கழித்துக்கொண்டே போவது அதன் முறை. வாக்கியம் நீண்டால் மதிப்பெண் குறையும், அவ்வளவுதான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நல்ல உரைநடை ஒன்றை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்குள்ளும் இருக்கிற சொற்களைக் கண்டபடி கலைத்துப் போட்டு, ஒருவருக்கும் புரியாத உளறலாக்கி அந்தச் சூத்திரத்தின் கையில் கொடுத்தால், முன்பு கொடுத்த மதிப்பெண்ணையே அட்சரம் பிசகாமல் திரும்பவும் கொடுக்கும். சொற்களுக்குள் இருக்கும் சம்பந்தத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. இருந்தும் அந்த எண், நாம் கணிப்பொறியில் எழுதும்போது பக்கத்திலேயே வந்து நின்று, உம்முடைய வாக்கியம் நீளம் என்று கடிந்துகொள்கிறது. நாமும் நடுங்கி முற்றுப்புள்ளி வைக்கிறோம்.

நம் நாட்டில் இந்த அபிப்பிராயத்துக்கு வேறொரு பரம்பரையும் உண்டு. வட இந்தியாவில் கல்வி இலாகா அதிகாரியாக இருந்த நெஸ்ஃபீல்டு எழுதிய இலக்கணமும், அதன் பிறகு ரென், மார்ட்டின் இருவரும் எழுதிய இலக்கணமுமே தலைமுறை தலைமுறையாக நம்மவர்க்கு ஆங்கில வாக்கிய ஞானத்தை அளித்தவை. (இந்த ரென் என்பவர் ‘போ ஜெஸ்ட்’ என்னும் நாவலால் பெரும்புகழ் பெற்ற அதே ஆசாமிதான், சார்பு வாக்கியத்தால் கதைசொல்லி என்னென்ன காரியம் சாதிக்கலாம் என்பதை அவர் நன்றாக அறிந்தவர்.) அப்புத்தகங்களில் இரண்டு விதமான பயிற்சிகள் இருந்தன. ஒன்று பகுத்தல்: எது பிரதானம், எது சார்பு, சார்பு எந்தச் சொல்லைத் தழுவி நிற்கிறது என்று காணுவது. மற்றொன்று மாற்றுதல்: கலவையைத் தனி வாக்கியமாகவும் தனி வாக்கியத்தைக் கூட்டு வாக்கியமாகவும் உருமாற்றுவது. முன்னது கஷ்டமானது, பின்னது மனப்பாடத்துக்கு அடங்கியது. ஆகவே முன்னது மெல்ல மெல்ல மங்கிப் போயிற்று; பின்னது பரீட்சையில் நிலைத்துவிட்டது.

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் நோட்டுப் புத்தகம் இப்பொழுது என் மேசைமேல் இருக்கிறது. ஒரு பக்கம் முழுவதும் அளவுகோல் வைத்துச் சிவப்பு மையினால் கோடிட்டு மூன்று பத்திகளாகப் பிரித்திருக்கிறாள். முதற்பத்தியில் ‘இன் ஸ்பைட் ஆஃப்’, அதற்கு நேராக ‘தோ’, அதற்கும் நேராக ‘பட்’. அடுத்த வரியில் ‘ட்யூ டு’, ‘ஆஸ்’, ‘அண்டு ஸோ’. அதற்கடுத்து ‘டூ - டு’, ‘ஸோ - தட்’, ‘வெரி - அண்டு ஸோ’. எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. பக்கத்தின் அடியில், இதை நெட்டுருப் போட்டால் இரண்டு மார்க் நிச்சயம் என்று உபாத்தியாயர் சொன்ன வாக்கும் எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் குழந்தையின்மேல் எனக்குக் குறையில்லை. உபாத்தியாயர்மேலும் இல்லை, அவர் சொன்னது மார்க்கைப் பற்றிய வரையில் முற்றிலும் சத்தியம். என் குறையெல்லாம், ஒரே வரியில் நிற்கிற அந்த மூன்றும் ஒரே பொருளைத் தருகின்றன என்று அந்தக் கோடுகள் செய்கிற பிரகடனத்தின்மேல்.

அந்தப் பிரகடனத்தைச் சோதிக்கலாம். இவ்வகைப் பயிற்சிகளில் வழிவழியாக வருகிற உதாரணம், ஒருவன் ஏழை என்பதையும் நேர்மையானவன் என்பதையும் சேர்த்துச் சொல்வது. அந்த இரண்டு செய்திகளையும் தனித்தனி வாக்கியமாக நிறுத்தினால் அவை இரண்டு உண்மைகள், முடிந்தது. ‘ஏழையாயினும் நேர்மையானவன்’ என்றால், ஏழ்மை இருக்குமிடத்தில் நேர்மையை எதிர்பார்ப்பதற்கில்லை என்று பேசுகிறவன் தன் மனத்துக்குள் வைத்திருக்கும் ஓர் அனுமானமும் வாக்கியத்துக்குள் புகுந்துவிடுகிறது. ‘நேர்மையானவனாயினும் ஏழை’ என்று சார்பையும் பிரதானத்தையும் இடம் மாற்றினாலோ உலகமே மாறிவிடுகிறது. பெண்ணுக்கு வரன் பார்க்கிற வீட்டில் தரகர் முதல் வாக்கியத்தைச் சொன்னால் ஜாதகம் கூடத்திலேயே இருக்கும். இரண்டாவதைச் சொன்னால் ஜாதகம் அன்று மாலையே திரும்பிப் போகும். உண்மைகளின் பட்டியல் இரண்டிலும் ஒன்றுதான். எதை ஒப்புக்கொண்டு எதை வலியுறுத்துகிறோம் என்பது மாத்திரம் வேறு. அந்த வேற்றுமையைச் சொல்வதற்காகவே சார்பு வாக்கியம் என்கிற ஏற்பாடு பாஷையில் இருக்கிறது. உடைத்துப் பார்க்கிறவன் முதலில் தொலைப்பது அதைத்தான்.

இது வெறும் தொனியைப் பற்றிய விஷயம், பொருளுக்குச் சேதமில்லை என்று ஆட்சேபிக்கலாம். பொருளுக்கே சேதம் வருகிற இடங்களைக் காட்டுகிறேன். ரயிலில் பரிசோதகர் ஏறினார். சீட்டு வாங்காத பிரயாணிகளுக்கு அபராதம் விதித்தார். இதை ஆங்கிலத்தில் எழுதுகிறவன் ‘பாஸெஞ்ஜர்ஸ்’ என்ற சொல்லின் பின்னால் ‘ஹூ’ என்று தொடங்கும் சார்பு வாக்கியத்தை வைக்க வேண்டும். காற்புள்ளி இல்லாமல் வைத்தால், பிரயாணிகளுள் சீட்டு இல்லாதவர்கள் மட்டும் தண்டம் கட்டினார்கள் என்பது பொருள். முன்னும் பின்னும் காற்புள்ளி வைத்தால், பிரயாணிகள் அனைவருமே சீட்டு இல்லாதவர்கள், அனைவருமே கட்டினார்கள் என்பது பொருள். இப்போது உடைத்துப் பாருங்கள்: பிரயாணிகளுக்கு அபராதம் விதிக்கப்பட்டது, அவர்களிடம் சீட்டு இல்லை. காற்புள்ளி இல்லாத வாக்கியத்தை உடைத்தவன் காற்புள்ளி உள்ள வாக்கியத்தின் பொருளில் போய் விழுந்தான். சீட்டு வாங்கிய யோக்கியர்களுக்கும் சேர்த்துத் தண்டம் போட்டுவிட்டான். முதல் வாக்கியத்தின் பொருளைத் துண்டுகளால் சொல்லவே முடியாதா என்றால், முடியும். சில பிரயாணிகளிடம் சீட்டு இல்லை, அந்தச் சிலருக்கு அபராதம் என்று வாக்கியத்தில் இல்லாத ‘சில’ என்ற சொல்லை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். அதைக் கொண்டுவரத் தெரிந்தவனுக்கு வாக்கியம் முன்னமே விளங்கிவிட்டது. ஆகவே உடைத்தல் என்பது விளக்கத்தின் விளைவாக இருக்கக்கூடுமே ஒழிய விளக்கத்துக்குச் சாதனமாக இருக்க முடியாது.

இதனினும் கொடிய உதாரணங்கள் உண்டு. கிழவர் உயிலில் கையெழுத்திடுவதற்கு முன் இறந்து போனார். ஆங்கிலத்தில் ‘பிஃபோர்’ என்ற சொல்லை முன்னிட்டு ஒரு சார்பு வாக்கியம். அதற்குள் எழுவாயும் உண்டு, வினைமுற்றும் உண்டு. உடைத்து எடுத்துத் தனியே நிறுத்தினால் கிழவர் கையெழுத்திட்டார் என்று ஒரு வாக்கியம் கிடைக்கும். நடக்காத ஒன்று நடந்ததாகிவிட்டது. சொத்தும் கை மாறிவிட்டது. இன்னோர் உதாரணம்: கோப்பு தொலைந்து போயிற்று என்பதை மந்திரி மறுத்தார். இதில் ‘தட்’ என்று தொடங்கும் பகுதியைப் பிரித்தெடுத்தால், கோப்பு தொலைந்தது என்று பத்திரிகையே தன் பொறுப்பில் அறிக்கையிட்டதாகிவிடும். மறுநாள் வக்கீல் நோட்டீஸ் வரும். மழை பெய்தால் ஆட்டம் நிற்கும் என்பதைப் பிரித்தால், பெய்யாத மழை பெய்துவிடும். இத்தகைய சார்பு வாக்கியத்துக்குள் நிற்கிற செய்தி, எழுதுகிறவன் தன் பெயரில் சாட்சி சொல்லும் செய்தி அன்று. அது ஒருவர் நினைத்தது, ஒருவர் மறுத்தது, நடக்கலாம் என்று அஞ்சியது, நடக்குமுன் தடைப்பட்டது. நினைப்பையும் நடப்பையும் வேறுபடுத்துகிற எல்லைக்கல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, நிலம் இப்போது தெளிவாகத் தெரிகிறது என்று சந்தோஷப்படுகிறவரோடு எப்படி வாதாடுவது?

பிரதான வாக்கியத்தில்தான் பிரதானக் கருத்து இருக்கும், சார்பு வாக்கியம் அலங்காரம் என்ற போதனையும் இந்த எண்ணத்தின் குழந்தையே. சுருக்கி எழுதுதல் என்ற பயிற்சியில் சார்பு வாக்கியங்களைத் தள்ளிவிடு என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் கதவைச் சாத்தியும் சாத்தாததுமாக இருக்கையில் தொலைபேசி மணி அடித்தது என்பதை ஆங்கிலத்தில் ‘ஹார்ட்லி’, ‘வென்’ என்ற இரண்டும் வருமாறு எழுதினால், கதவு சாத்தியது இலக்கணத்துக்குப் பிரதானம், மணி அடித்தது சார்பு. கதையோ மணியில் இருக்கிறது. அந்த நோய் பரவக்கூடியது என்று வைத்தியர் எண்ணுகிறார் என்றால், வைத்தியர் எண்ணுகிறார் என்பது பிரதானம். அதை மட்டும் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவன் என்ன தெரிந்துகொண்டு போகிறான்? பிரதானம் என்பது அமைப்பில் ஒரு பதவி. கருத்தின் கனம் அந்தப் பதவியில் இருந்தே தீர வேண்டும் என்ற நியதி இல்லை.

சொல்லுக்கு மிகுந்த மதிப்பு இருக்கும் இடத்தில் இது நன்றாக விளங்கும். மெக்காலேயின் தலைமையில் 1837-இல் வரையப்பட்டு, 1860-இல் சட்டமாகிய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 378-ஆவது பிரிவு திருட்டை ஒரே வாக்கியத்தில் இலக்கணப்படுத்திற்று. அசையும் பொருளாக இருக்க வேண்டும். அது இன்னொருவரின் வசத்தில் இருக்க வேண்டும். அவருடைய சம்மதம் இல்லாமல் இருக்க வேண்டும். நேர்மையற்ற முறையில் எடுத்துக்கொள்ளும் எண்ணம் இருக்க வேண்டும். எடுக்கும் பொருட்டுப் பொருளை நகர்த்தியிருக்க வேண்டும். இந்த ஐந்தும் ஒருங்கே கூடினால்தான் திருட்டு. அந்த வாக்கியத்தின் பிரதான வினை, திருட்டுச் செய்தவனாகச் சொல்லப்படுகிறான் என்பது. பொருளை நகர்த்துதல் சார்பு வாக்கியத்தின் வினைமுற்று. குற்றத்துக்கு உயிர்நிலையான எண்ணமோ வினைமுற்றாகக்கூட வராமல், எண்ணங்கொண்டு என்று நாம் சொல்வதைப் போன்ற ஓர் எச்சமாக, எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே ஒதுங்கி நிற்கிறது. பொருளைத் தன்னுடையது என்றே நல்லெண்ணத்துடன் நம்பி எடுத்தவன் திருடனாகான் என்று அப்பிரிவின் கீழுள்ள உதாரணங்களுள் ஒன்று சொல்லுகிறது. அவனை விடுதலை செய்வது அந்த எச்சந்தான். இதைத் துண்டு துண்டாக, ஒருவன் பொருளை நகர்த்தினான், அவனுக்கு எண்ணம் இருந்தது, சம்மதம் இல்லை என்று எழுதினால், எண்ணம் எப்போது இருந்தது, நகர்த்தும்போதா பின்னரா என்ற கேள்வி உடனே முளைக்கும். 2024 ஜூலை முதல் தேதி அந்தச் சட்டம் போய்ப் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோது எத்தனையோ மாறின; பிரிவின் எண்ணும் 303 என்று மாறிற்று. திருட்டின் வாக்கியம் மட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. இக்காலத்துச் சட்டம் வரைவோர் நிபந்தனைகளை அ, ஆ என்று வரி வரியாக அடுக்குகிறார்களே என்பீர்கள். நல்ல வழக்கம். ஆனால் அவர்கள் வரியைத்தான் மடிக்கிறார்கள். வாக்கியம் ஒன்றாகவே ஓடி முடிகிறது.

இன்னொன்று. வாக்கியத்தின் கடினம் சார்பு வாக்கியத்தால் வருகிறது என்பது மெய்யானால், சார்பு வாக்கியமே இல்லாத வாக்கியம் எளிதாக இருக்க வேண்டும். 1949 நவம்பர் 26-இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட நம் அரசியலமைப்பின் முகவுரையை ஆங்கிலத்தில் எடுத்துப் பாருங்கள். 1976-இல் 42-ஆவது திருத்தம் சேர்த்த சொற்களையும் கூட்டினால் 85 சொற்கள், ஒரே வாக்கியம். அதில் சார்பு வாக்கியம் ஒன்றுகூட இல்லை! மக்களாகிய நாம் என்ற எழுவாய் தலையில் நிற்கிறது. ஏற்று, இயற்றி, அளிக்கிறோம் என்ற வினைகள் கடைசியில் நிற்கின்றன. நீதி, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் அத்தனையும் நடுவில், தீர்மானித்து என்ற ஓர் எச்சத்தின்கீழ் அடங்கிக் கிடக்கின்றன. மாணவியின் மூன்று பத்திக் கணக்குப்படி இது கலவை வாக்கியம் அன்று, ஆகவே சிரமமில்லாதது. எந்த வகுப்பிலாவது இதைச் சிரமமில்லாமல் படித்துப் பொருள் சொன்ன பிள்ளைகளைக் கண்டதுண்டா?

அடையாளச் சொல்லைத் தேடிக் கலவையைக் கண்டுபிடி என்ற உபாயமும் இப்படித்தான் கைவிடுகிறது. ‘தி லெட்டர் ஹி ரோட் வாஸ் லாஸ்ட்’: அவன் எழுதிய கடிதம் தொலைந்து போயிற்று. இரண்டு வினைமுற்றுக்கள் உண்டு, இணைப்புச் சொல் ஒன்றும் இல்லை. ‘ஹேட் ஐ நோன்’ என்று தொடங்கினால் ‘இஃப்’ வாயே திறக்காமல் நிபந்தனை வந்துவிடுகிறது. பட்டியலை நெட்டுருப் போட்டவன் இங்கே திகைக்கிறான். வினைமுற்றை எண்ணப் பழகியவனோ, லெட்டர் என்ற பெயரும் ஹி என்ற பெயரும் நடுவில் ஒன்றுமில்லாமல் அடுத்தடுத்து நின்றதுமே, இங்கே ஒரு சார்பு வாக்கியம் வாசல் திறந்திருக்கிறது என்று தெரிந்துகொள்கிறான்.

நீண்ட கலவை வாக்கியங்கள் சில மெய்யாகவே புரியாமல் போகின்றன என்பதை நான் மறுக்கவில்லை. எவை என்பதுதான் கேள்வி. மந்திரி நியமித்த அதிகாரி நீக்கிய குமாஸ்தா அழுதார். தமிழில் இதைப் படிக்க மூச்சு முட்டவில்லை. இதையே ஆங்கிலத்தில், ‘தி கிளார்க் தி ஆஃபிஸர் தி மினிஸ்டர் அப்பாயிண்டட் டிஸ்மிஸ்டு வெப்ட்’ என்று இலக்கணம் வழுவாமல் எழுதலாம். ஆங்கிலேயனுக்கே தலை சுற்றும். மூன்று பெயர்கள் முன்னே குவிந்து, மூன்று வினைகள் பின்னே குவிந்து, எந்த வினை எந்தப் பெயருக்கு என்று மனம் தடுமாறுகிறது. ஆனால் மந்திரி அதிகாரியை நியமித்தார், அந்த அதிகாரி குமாஸ்தாவை நீக்கினார், அந்தக் குமாஸ்தா அழுதார் என்னும் அதே செய்திகளை ‘ஹூ’ என்ற சொல்லால் ஒன்றன்பின் ஒன்றாக வலப்பக்கம் நீட்டிக்கொண்டு போனால், அதே எண்ணிக்கையுள்ள சார்பு வாக்கியங்களோடு, குழந்தைகளின் அடுக்குப் பாட்டைப் போல ஓடும். விக்டர் இங்வே 1960-இலும், ஜார்ஜ் மில்லரும் நோம் சாம்ஸ்கியும் 1963-இலும் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். சாரம் இவ்வளவே: முடியாமல் நிற்கிற பகுதிகளை எத்தனை நேரம், எத்தனை எண்ணிக்கையில் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதில் கஷ்டம் இருக்கிறது. சார்பு வாக்கியங்களின் தொகையில் இல்லை. எனவே நடுவில் செருகி அடைத்த வாக்கியத்தைத் திருத்த வேண்டும். கூட்டத்தில் ஒருவன் கையை நீட்டினான் என்பதற்காக ஊரில் உள்ள அத்தனை பேரையும் சிறையில் அடைக்கக் கூடாது.

சோதனை செய்து பார்த்தவர்களும் உண்டு. 1970-களின் நடுவில் டேவிட் பியர்ஸன் என்ற அமெரிக்க ஆசிரியர் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளிடம் காரண காரியத் தொடர்புள்ள செய்திகளைத் துண்டு வாக்கியங்களாகவும் இணைத்த வாக்கியங்களாகவும் கொடுத்துப் பார்த்தபோது, ஏன் என்ற கேள்விக்கு இணைத்த வாக்கியமே அவர்களுக்கு உதவிற்று. வியப்பொன்றுமில்லை. பயிர் வாடிற்று, வாய்க்கால் அடைபட்டிருந்தது என்று இரண்டைக் கையில் கொடுத்தால், இரண்டையும் முடிச்சுப் போடும் வேலை படிக்கிறவன் தலையில் விழுகிறது. முடிச்சைப் போட்டே கொடுத்திருந்தால் அந்த வேலையே இல்லை. 1982-இல் ஆலிஸ் டேவிஸனும் ராபர்ட் காண்டரும், சூத்திரத்துக்கு ஏற்பக் கத்தரித்துச் சுலபமாக்கிய பாடங்களை மூலங்களோடு ஒப்பிட்டு, கத்தரித்தவை பல இடங்களில் மூலத்தைவிடத் தெளிவு குன்றியிருந்ததை எடுத்துக் காட்டினார்கள். கத்தரி போடுகிறவர்கள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

கடைசியாக ஒரு வாதம் பாக்கியிருக்கிறது. நம்மூரில் அதுவே பலமாகக் கேட்கிறது. தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கலவை வாக்கியம் அந்நியமானது, அவர்கள் பாஷையின் போக்கு சிறு வாக்கியங்களின் போக்கு, ஆகவே ஆங்கிலத்தையும் சிறு வாக்கியங்களாக்கிக் கொடுப்பதே தர்மம் என்கிறார்கள். இதைச் சொல்கிறவர்கள் தமிழை எங்கே படித்தார்கள் என்று நான் அதிசயிப்பதுண்டு. தனி, கூட்டு, கலவை என்ற முப்பகுப்பு தொல்காப்பியத்திலும் நன்னூலிலும் இல்லாதது உண்மை. ஆங்கில இலக்கணத்தைப் பார்த்துப் பின்னால் வந்தவர்கள் அமைத்துக்கொண்டது அது. ஆனால் அந்தப் பகுப்பு குறிக்கிற சங்கதி நம்மிடம் இல்லாமலா போயிற்று? எச்சங்கள் பத்து என்று எச்சவியலில் வகுத்துச் சொன்ன இலக்கணம் தொல்காப்பியம். முற்றையும் எச்சத்தையும் பிரித்தறிகிற பழக்கம் எந்தப் பிள்ளைக்கு இருக்கிறதோ, அந்தப் பிள்ளையிடம் ஆங்கிலக் கலவை வாக்கியத்தின் சாவி முன்னமே இருக்கிறது. நெஸ்ஃபீல்டின் பட்டியல் எச்சத்தை வெறும் சொற்றொடர் என்று ஒதுக்கிவிடுகிறது. நம் இலக்கணம் அதைத் தன் வினையோடு முடிகிற ஒரு முழு ஆளாகவே நடத்துகிறது. முகவுரையையும் திருட்டின் இலக்கணத்தையும் படிக்க நம் கணக்குத்தான் உதவும்.

பெயரெச்சத்தை எடுத்துக்கொள்வோம். அது அறுவகைப் பெயரைக் கொண்டு முடியும் என்பது நன்னூலார் மதம்: செய்கிறவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள். எழுதிய மாணவன், எழுதிய பேனா, எழுதிய மேசை, எழுதிய எழுத்து, எழுதிய நாள், எழுதிய கடிதம். ஆறிடத்திலும் ‘எழுதிய’ என்ற சொல் ஒன்றே. பேனாவா எழுதிற்று, பேனாவால் எழுதினார்களா என்று தமிழன் ஒரு நாளும் மயங்குவதில்லை. திராவிட மொழிகளில் ‘ஹூ’, ‘விச்’ போன்ற இணைப்புப் பெயர்கள் இல்லை, பெயரெச்சமே அவ்வேலையைச் செய்கிறது என்று கால்டுவெல் 1856-இலேயே எழுதி வைத்தார். ஆங்கிலமோ மாணவனுக்கு ‘ஹூ’, பேனாவுக்கு ‘வித் விச்’, நாளுக்கு ‘வென்’ என்று ஒவ்வொரு சம்பந்தத்தையும் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறது. சொல்லாமலே ஆறு சம்பந்தங்களையும் உணர்கிறவனுக்கு, சொல்லிக் காட்டுகிற பாஷை எப்படி அதிகக் கஷ்டமாகும்?

கஷ்டம் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது, அது வேறு. பதிப்பாளர்கள் அனுப்பிய புத்தகங்களின் தரம் மட்டமாக இருந்தது என்று நாம் சொல்கையில், தரம் என்ற எழுவாய் தன் வினையின் பக்கத்திலேயே நிற்கிறது. அடைகளெல்லாம் முன்னே போய்விட்டன. ஆங்கிலத்தில் தரம் முதலில் வந்து நின்றுவிடும்; பின்னால் புத்தகங்கள், பதிப்பாளர்கள் என்று ஓர் ஊர்வலமே போய், அதற்கப்பால்தான் வினை வரும். வினையை எட்டுகிறபோது பிள்ளையின் காதில் ஒலித்துக்கொண்டிருப்பது கடைசியாகக் கேட்ட பதிப்பாளர்கள் என்ற பன்மை. ஆகவே ‘வாஸ்’ என்ற இடத்தில் ‘வெர்’ என்று எழுதுகிறான். படிக்கும்போதும் இதே தவறு நிகழ்கிறது, வெளியில் தெரியாமல். தமிழ் நமக்கு வினைக்காகக் காத்திருக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறது. எழுவாயைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. அந்த ஒரு பழக்கம் மட்டுமே புதிது. அதற்கு மருந்து, ஒவ்வொரு வினைமுற்றின்மேலும் விரலை வைத்து, யார் அல்லது எது என்று கேட்டு, அதன் எழுவாய்வரைக்கும் பின்னோக்கிப் போய்த் தொட்டுவிட்டு வருவது. வாக்கியம் உடைபடாமல் அங்கேயே இருக்கும்.

இதையெல்லாம் பரீட்சையில் எப்படிக் கேட்பது, மாற்றுதல் பயிற்சியென்றால் விடைத்தாளைத் திருத்துவது சுலபம் என்று உபாத்தியாயர்கள் சொல்வார்கள். சுலபம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதே சுலபம் இதிலும் உண்டு. காற்புள்ளி உள்ள வாக்கியத்தையும் இல்லாத வாக்கியத்தையும் அச்சிட்டு, தண்டம் கட்டாத பிரயாணி யாராவது உண்டா என்று கேளுங்கள். மறுத்தார் என்ற வாக்கியத்தைக் கொடுத்து, கோப்பு தொலைந்ததாகச் சொல்வது யார் என்று கேளுங்கள். ‘வாஸ்’ என்ற வினைக்கு அடிக்கோடிட்டு, அதன் எழுவாயை எழுதச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் விடை ஒரு சொல் அல்லது இரண்டு சொல். சிவப்பு மையும் மிச்சம். அந்த மாணவியின் வகுப்பில் இப்படி ஒரு வினாத்தாளைக் கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டபோது, பாடத்திட்டத்தில் இடமில்லை என்று பதில் வந்தது. பாடத்திட்டம் என்ன சொல்கிறது என்று வாங்கிப் பார்த்தேன்; வாக்கியங்களைப் புரிந்துகொள்ளுதல் என்றுதான் அதில் முதல் வரி இருந்தது.